எஞ்சின் ரெடி... பெட்டி எங்கே?

ஒரு கல்யாண ஊர்வலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜரிகைத் தலைப்பாகை, கோட்டு, கழுத்து கொள்ளாத மாலை என்று மாப்பிள்ளை ஜம்மென்று காரில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் திரும்பிப் பார்த்தால், நாதஸ்வரம் இல்லை. மாமன், மச்சான் இல்லை. பட்டுப் புடவை சரசரக்க வரும் அத்தைமார் ஒருத்தர்கூட இல்லை. அவசரத்துக்கு எதிர்த் தெருக் கல்யாணத்திலிருந்து நாலு பேரைக் கடன் வாங்கி நடக்கவிட்டிருக்கிறார்கள். எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் மாடல் ரயில் பைத்தியம் பிடித்த பெரியவர்கள் பலர் எண்பது வருஷத்துக்கும் மேலாக இப்படிப்பட்ட ஊர்வலத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை, எஞ்சின். காணாமல் போன சொந்தக்காரர்கள், பயணிகள் பெட்டிகள்!

'பொம்மை ரயில்' என்று சொன்னால் இவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விஷயம் அத்தனை சீரியஸ். நிஜ ரயிலில் ஓர் அடி என்றால் இவர்கள் கணக்கில் 4 மில்லிமீட்டர். அதாவது, அசலில் 76-ல் ஒரு பங்கு. இந்த அளவுக்கு 'ஓ-ஓ' என்று பெயர். வீட்டின் பரணிலோ, பின்பக்க ஷெட்டிலோ ஸ்டேஷன், சுரங்கம், சிக்னல் எல்லாம் கட்டி, மின்சாரத்தில் ரயில் விடுவார்கள். எஞ்சின் நம்பரில் ஓர் இலக்கம் தப்பாக இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வராது.

இதில் இரண்டு ஜாதி மாடல்கள் உண்டு. ஒன்று, துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே உருவாக்குகிற 'கிட்'. இன்னொன்று, அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்ததும் ஓடுகிற ரெடிமேட் சரக்கு. ஆயத்த ஆடை மாதிரி, ஆயத்த ரயில். பொறுமையும் கைத்திறனும் எல்லாருக்கும் வாய்க்குமா? பெரும்பாலோர் நம்பியிருப்பது ரெடிமேடைத்தான். அதில்தான் இத்தனை ஓட்டை.

1938-ல் ஆரம்பித்த வம்பு

லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைக் கண்டுபிடித்த மகானுபாவர். அவர் 1936-ல் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1938-ல், அவருடைய கம்பெனி 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் ஓ-ஓ ரயில்களை மார்க்கெட்டில் இறக்கியது. முதலில் வந்தவை இரண்டு எஞ்சின்கள். ஒன்று, வழவழவென்று காற்றைக் கிழிக்கும் முகத்தோடு 'சர் நைஜல் கிரெஸ்லி' எக்ஸ்பிரஸ் எஞ்சின். இன்னொன்று, குட்டையாக, உழைப்பாளி மாதிரி ஒரு டேங்க் எஞ்சின். பெயர் 'என்-2'.

இந்த என்-2 யார் தெரியுமோ? லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து புறநகர்களுக்குக் குமாஸ்தாக்களையும் கடைச் சிப்பந்திகளையும் காலையிலும் மாலையிலும் ஏற்றி இறக்கியது. நம் பாஷையில் சொன்னால், லோக்கல் வண்டி. அது இழுத்த பெட்டிகள் விசேஷமானவை. 'குவாட்-ஆர்ட்' என்று பெயர். நாலு பெட்டிகளை ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி கோத்து, பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளின் முனைகளை ஒரே சக்கரச் சட்டத்தின் மேல் உட்காரவைத்திருப்பார்கள். (நாம் பெட்டியையே 'போகி' என்று சொல்லிவிடுகிறோம். அசலில் அடியிலிருக்கும் இந்தச் சக்கரச் சட்டத்துக்குத்தான் போகி என்று பெயர்!) சாதாரணமாக நாலு பெட்டிக்கு எட்டு போகி வேண்டும், இதில் ஐந்தே போதும். எடையும் குறைந்தது, வண்டியின் நீளமும் குறைந்தது. குட்டைப் பிளாட்பாரத்தில் அதிகம் பேரை அடைக்கலாம். உள்ளே உட்கார்ந்தவர்களின் முழங்கால்கள் பட்ட பாடு தனிக் கதை.

டப்ளோ என்-2 நன்றாக விற்றது. உற்சாகம் தாங்காமல் கம்பெனி அதே எஞ்சினுக்கு வேறு வேறு ரயில்வேக்களின் கலரை அடித்து, அந்த ஊர்க்காரர்களுக்கும் விற்றது! பிற்பாடு வேறு கம்பெனிகளின் அச்சிலும் என்-2 பிறந்தது. ஆனால், அது ஆயுள் முழுக்க இழுத்த அந்த நாலு பெட்டிக் கோவை? 1938-க்குப் பிறகு இருபதாம் நூற்றாண்டு முடிகிற வரைக்கும் எந்தப் பெரிய கம்பெனியின் ரெடிமேட் பட்டியலிலும் அது எட்டிப் பார்க்கவில்லை.

கடையில் நடக்கும் உரையாடலைச் சும்மா கற்பனை செய்து பார்ப்போமா?

"வாங்க சார்! என்ன எஞ்சின் வேணும்?"

"என்-2 இருக்கா?"

"கறுப்பு இருக்கு, பச்சை இருக்கு. புகைபோக்கி உசரம் பார்த்து எடுத்துக்கலாம்!"

"பேஷ்! அப்படியே பின்னாடி மாட்டறதுக்கு நாலு பெட்டி..."

"பெட்டியா? இதோ, தங்கமான பெட்டி."

"இது ஸ்காட்லாந்து எக்ஸ்பிரஸ் பெட்டியாச்சே! சாப்பாட்டு வண்டியெல்லாம் இருக்கு!"

"அதனால என்ன சார்? வேகமா ஓட்டுங்க, தெரியாது!"

ஏன் இந்த ஓரவஞ்சனை?

கம்பெனிக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கணக்குப் போட்டால் நமக்கே பாவமாக இருக்கும்.

எஞ்சினுக்கு எஃகில் அச்சு வெட்டினால் அதோடு விஷயம் பெரும்பாலும் முடிந்தது. நம்பரை மாற்று, பெயரை மாற்று, கலரை மாற்று... ஒரே அச்சில் பத்து தினுசு. ஒருத்தர் ஒன்று வாங்கினாலே அவருக்கும் திருப்தி. அலமாரியில் வைத்தால்கூட அழகு.

பெட்டி அப்படியா? பெட்டி எப்போதும் குடும்பத்தோடுதான் வரும். ஐந்து பெட்டி எக்ஸ்பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் கார்டு இருக்கும் பிரேக் பெட்டி. நடுவில் மூன்றாம் வகுப்பு ஒன்று. முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் கலந்தது ஒன்று. சாப்பாட்டு வண்டி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வரிசை வேறு, கதவு வேறு. ஆக, நாலு தனித்தனி அச்சு. போதாக்குறைக்கு, ஒரே பெட்டியின் வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றில்லை. நடைபாதை ஓடும் பக்கத்தில் ஒரு மாதிரி ஜன்னல், அறைகள் இருக்கும் பக்கத்தில் வேறு மாதிரி!

விற்பனைக் கணக்கு இன்னும் மோசம். ஐந்து பெட்டி வண்டி அமைக்கிறவர் பிரேக் பெட்டி இரண்டு வாங்குவார். சாப்பாட்டு வண்டி? ஒன்றே ஒன்று. ஒரு வண்டிக்கு எத்தனை சாப்பாட்டு வண்டி மாட்ட முடியும், ஹோட்டலா நடத்தப் போகிறார்? அச்சு வெட்டும் செலவு கிட்டத்தட்ட அதேதான், விற்பனை பாதி. அதனால்தான் ரெடிமேட் பட்டியலில் சாப்பாட்டு வண்டியும், பார்சல் வண்டியும், ராத்தூக்க வண்டியும் எப்போதும் கடைசிப் பந்தியில் நிற்கின்றன.

அடுத்தது நீளம். 64 அடி நிஜப் பெட்டி, ஓ-ஓ அளவில் 256 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேஜையில் போடும் வட்டத் தண்டவாளத்தின் ஆரமோ வெறும் 438 மில்லிமீட்டர். சின்ன வட்டம் என்றால் 371. நிஜ ரயிலில் இந்த மாதிரி வளைவு போட்டால் எக்ஸ்பிரஸ் வண்டி நேரே வயலுக்குத்தான் போகும்! அதனால் 1950-களில் 'ட்ரை-ஆங்' கம்பெனி பெட்டிகளின் நீளத்தையே கத்தரித்து விற்றது. பையன்களுக்குக் குஷி. நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்த அப்பாக்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

விலையும் இருக்கிறதே! நுணுக்கமாகச் செய்த புதுப் பெட்டி ஒன்று இன்று 50 பவுண்டைத் தாண்டுகிறது. பத்துப் பெட்டி வண்டி என்றால் 500 பவுண்டுக்கு மேல். இழுக்கிற மாப்பிள்ளையைவிட, கூட வருகிறவர்களுக்குத்தான் செலவு ஜாஸ்தி. நம் ஊர்க் கல்யாணமேதான்!

நூறு கம்பெனி, நூறு ஜன்னல்

இதற்கு மேல் சரித்திரச் சிக்கல் வேறு. 1923 ஜனவரி 1-ம் தேதிக்கு முன்னால் பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வே கம்பெனிகள் இருந்தன. அன்றைக்குத்தான் அவற்றை நாலு பெரிய கம்பெனிகளாக இணைத்தார்கள். அதற்கு முன்பு ஒவ்வொருத்தனும் தன் இஷ்டத்துக்குப் பெட்டி கட்டினான். ஒருத்தன் கூரையில் கண்ணாடிக் கூண்டு வைத்தான். கார்டு அதில் ஏறி உட்கார்ந்து வண்டி முழுக்கக் கண்காணிப்பார். பறவைக்கூண்டு மாதிரி இருந்ததால் 'பேர்ட்கேஜ்' என்றே பெயர். இன்னொருத்தன் கூரைக்கு மேல் ஒரு குட்டிக் கூரை போட்டான். கிழக்குக் கரைக்காரர்கள் தேக்கு மரத்தில் செய்து, பெயின்ட் அடிக்காமல் வார்னிஷ் பூசி விட்டார்கள். (டீக் என்ற இங்கிலீஷ் வார்த்தையே நம் பக்கத்துத் தேக்குதான். மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வாய் வழியாகக் கப்பலேறிப் போனது.) மரத்தின் ரேகையைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது இருக்கிறதே, அச்சுக்காரர்களுக்கு அது சிம்மசொப்பனம்.

ஆக, ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனி எஞ்சினுக்குச் சேராது. 1951-ல் பிரிட்டிஷ் ரயில்வே 'மார்க்-1' என்று நாடு முழுமைக்கும் ஒரே மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்ததும்தான் மாடல் கம்பெனிகளுக்கு உயிர் வந்தது. எந்த ஊர் எஞ்சினுக்குப் பின்னாலும் மாட்டலாம், எத்தனை கலர் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனால் 1951-க்குப் பிந்தைய ரயில் ஓட்டுகிறவர் பெட்டிக்கு அதிகம் அலைவதில்லை. அவருடைய தாத்தா காலத்து ரயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்தான் அம்போ!

1990-களின் பிற்பகுதியில் தயாரிப்பு சீனாவுக்கு மாறியதும் மாடல்களின் நுணுக்கம் எகிறியது. பழங்காலத்து எஞ்சின்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'பாக்மன்' கம்பெனி லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் டேங்க் எஞ்சினை அச்சு அசலாகக் கொண்டுவந்தது. கொண்டாடினார்கள். அந்த ரயில்வேயின் பெட்டிகள் மட்டும் கூட வரவில்லை. தென்கிழக்கு ரயில்வேயின் 'சி' வகுப்பு எஞ்சினை வாங்கியவர்களுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் பரவாயில்லை. சில வருஷம் காத்திருந்த பிறகு, அதே பாக்மன் பறவைக்கூண்டுப் பெட்டிகளையும் கொடுத்தது.

இன்னொரு கூத்து. 'மல்லார்ட்' எஞ்சின் 1938 ஜூலை 3-ம் தேதி மணிக்கு 126 மைல் வேகம் ஓடி உலக சாதனை செய்தது. நீராவி எஞ்சினில் இன்றுவரை அதுதான் ரெக்கார்டு. அந்த வேகத்தை அளந்தது எது? எஞ்சினுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஓர் அளவுப் பெட்டி, 1906-ல் கட்டியது. அந்தப் பெட்டி இல்லையென்றால் சாதனைக்குச் சாட்சியே கிடையாது. மல்லார்டின் மாடல் வருஷக்கணக்காக விற்றுத் தள்ளியது. சாட்சிப் பெட்டியின் ரெடிமேட் ஓ-ஓ மாடல் வந்து சேர்ந்ததோ 2018-க்குப் பிறகுதான்!

கடையில் இருப்பதே சரித்திரம்

'போகட்டுமே, ஒரு பொழுதுபோக்கு சமாசாரம்தானே?' என்று தோன்றலாம். அப்படி விட்டுவிட முடியவில்லை.

பிரிட்டனில் மாடல் ரயில் கண்காட்சிக்குப் போனால், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கிராமத்துக் கிளைப் பாதை கண்ணில் படாமல் திரும்ப முடியாது. ஒரு குட்டி ஸ்டேஷன், ஒரு பசுமாடு, ஒரு டேங்க் எஞ்சின், பின்னால் ஒரே ஒரு பெட்டி. பிரிட்டனே இப்படித்தான் இருந்தது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில், பிளாஸ்டிக் விமானங்களுக்குப் பேர்போன 'ஏர்ஃபிக்ஸ்' கம்பெனி அந்தக் கிளைப் பாதை எஞ்சினையும் அதற்கேற்ற பெட்டியையும் ஜோடியாகவே விற்றது. ஜோடி கிடைத்தது, ஊரெல்லாம் கட்டினார்கள். லண்டன் புறநகர் வண்டிக்கு ஜோடி கிடைக்கவில்லை, கட்டியவர்கள் குறைவு.

கடையில் எது கிடைக்கிறதோ அதுதான் ஞாபகத்தில் தங்குகிறது. இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். பாதி நிலக்கரிப் புகை, பாதி ஈரக் கோட்டு வாசனையோடு தினம் வேலைக்குப் போய்வந்த மூன்றாம் வகுப்பு ஜனங்கள்!

அந்த ஜனங்கள் உட்கார இடம் வாங்கிய கதையே பெரிய கதை. 1844-ல் பார்லிமென்ட் சட்டம் போட்ட பிறகுதான், மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், மழை வெயில் படாத பெட்டியில் ஏழைகளை ஏற்றிக்கொண்டு தினம் ஒரு வண்டியாவது ஓட வேண்டும் என்று கட்டாயமானது. 1872-ல் மிட்லண்ட் ரயில்வே தன் எல்லா வண்டிகளிலும் மூன்றாம் வகுப்பு டிக்கெட்காரர்களை அனுமதித்தது. 1875-ல் இரண்டாம் வகுப்பையே எடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பின் சவுகரியத்தை உயர்த்தியது. மற்ற கம்பெனிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள்! இத்தனை மாற்றமும் நடந்தது எஞ்சினில் அல்ல, பெட்டியில். இருக்கைக்குத் துணி வந்ததும் அங்கேதான், கழிப்பறை வந்ததும் அங்கேதான்.

நிஜ வாழ்க்கையிலும் பெட்டிக்கு இதே கதிதான். 1968-ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி யுகம் முடிந்தது. வேல்ஸில் பாரி என்ற ஊரில் ஒரு பழைய இரும்புக் கடைக்கு வந்த 297 எஞ்சின்களில் 213-ஐ ரசிகர்கள் காசு சேர்த்து மீட்டுக்கொண்டு போனார்கள். மரப் பெட்டிகளுக்கு அத்தனை ரசிகர்கள் இல்லை. விவசாயிகள் வாங்கிப்போய்க் கோழிக்கூண்டாக்கினார்கள். சில பெட்டிகள் கடற்கரையோரம் குடிசையாக நின்றன. பெரும்பாலானவை நெருப்புக்கு இரை. இன்றைய மாடல் கம்பெனிகள் தப்பிப் பிழைத்த அசலை லேசர் வைத்து அளந்து அச்சு வெட்டுகின்றன. அசலே இல்லையென்றால் எதை அளப்பது?

அந்தக் குவாட்-ஆர்ட் கோவையில் ஒன்றே ஒன்று தப்பியது. 1924-ல் கட்டியது. தொண்டர்கள் வருஷக்கணக்கில் இழைத்து, ஒட்டி, வார்னிஷ் பூசி, 2008-ல் நார்த் நார்ஃபோக் ரயில்வேயில் மறுபடி ஓடவிட்டார்கள். ஏறி உட்கார வாய்ப்புக் கிடைத்தால், முழங்கால் ஜாக்கிரதை!

யாருக்கும் சொந்தமில்லாத பெட்டி

2019 அக்டோபரில் ஒரு விசித்திரம். 1946-ல் லிவர்பூலில் கடை ஆரம்பித்த 'ஹாட்டன்ஸ்', நாலு சக்கர, ஆறு சக்கரப் பழங்காலப் பெட்டிகளை அறிவித்தது. எந்த ரயில்வேயின் பெட்டிகள்? எந்த ரயில்வேயுடையதும் இல்லை! பல கம்பெனிகளின் பொது அம்சங்களைக் கலந்து, 'ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான் வைத்திருந்தார்கள்' என்று ஒரு வடிவம். கலரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு ஹார்ன்பியும் அதே யோசனையோடு வந்து நின்றது. எண்பது வருஷம் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத வாசலில் ஒரே சமயத்தில் இரண்டு பேர்!

ஸ்கேல் பிடிக்கும் ஆசாமிகள் முகம் சுளித்தார்கள். "கதவுக் கைப்பிடி எங்க ரயில்வேயில இப்படி இருக்காது!" ஆனால், ஜனங்கள் வாங்கினார்கள். அலமாரியில் தூங்கிய பழைய எஞ்சின்கள் முதல் தடவையாக ஏறக்குறையச் சரியான பெட்டிகளோடு வெளியே வந்தன. ரெடிமேட் சட்டை கழுத்துக்குக் கொஞ்சம் தொளதொளத்தாலும், வெறும் உடம்போடு நிற்பதைவிடத் தேவலையே! 2024 ஜனவரியில் ஹாட்டன்ஸ் தன் கடையை மூடப்போவதாக அறிவித்தது. அவர்கள் அடைத்துவிட்டுப் போன ஓட்டை சின்னதில்லை.

பெரம்பூர் பெட்டி

இதையெல்லாம் படிக்கும்போது நம் பெரம்பூர் ஞாபகம் வராமல் இருக்குமா? 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி கொடுத்த டிசைனை வைத்து இந்தியாவையே ஏற்றிச் செல்லும் பெட்டிகளைக் கட்டியது. ஜன்னலோரச் சண்டை, கூஜா, புளியோதரைப் பொட்டலம், மேல் பெர்த்தில் சுருண்டு படுத்த சித்தப்பா எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அந்த டிசைனில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. இப்போது புதுவகைப் பெட்டிகள் இடத்தைப் பிடிக்க, பழசுகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன.

அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் கையாலேயே ஐ.சி.எஃப். பெட்டி செய்து அசத்துகிற ஆர்வலர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அளவும் படமும்தான். பிரிட்டன்காரர்கள் மரப் பெட்டிகளைக் கோழிக்குக் கொடுத்துவிட்டு இன்று அளவு தேடி அலைகிறார்கள். நமக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை.

அதனால் அடுத்த தடவை குழந்தையை எஞ்சின் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கும்போது, அப்படியே நாலு பெட்டி தள்ளி வந்து அங்கேயும் இரண்டு எடுத்துவையுங்கள். டிக்கெட் வாங்கி நாம் ஏறியது எஞ்சினில் இல்லையே, சார்!